'சே' எங்கே, 'டெல்' எங்கே: தவறான வாக்கியத்தைப் பார்த்துத் திருத்தும் வழி

தமிழில் 'சொல்' என்ற ஒரே வினை பார்க்கும் வேலையை ஆங்கிலத்தில் 'சே', 'டெல்' என்ற இரண்டு வினைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் 'சொல், கூறு' என்றுதான் இருக்கும். பொருளை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் பிழை தீராமல் இருப்பதற்கு அதுதான் காரணம். வினைக்கு அடுத்து எந்தச் சொல் வந்து நிற்கிறது என்பதை வைத்துத்தான் இந்த இரண்டையும் பிரிக்க முடியும். அதைப் பார்க்கப் பழகினால் பத்தில் எட்டுப் பிழை தானாக விழுந்துவிடும். மீதி இரண்டு கொஞ்சம் தனி ரகம். அவற்றையும் கீழே பார்க்கலாம்.

'சே' என்பதன் இறந்தகாலம் 'செட்' (எழுத்துகள்: எஸ், ஏ, ஐ, டி). 'டெல்' என்பதன் இறந்தகாலம் 'டோல்ட்'. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் இந்த இறந்தகால வடிவங்களே வரும். நம்மவர் எழுத்தில் பிழை அதிகம் விழுவதும் அங்கேதான்.

முதல் சோதனை

சந்தேகமான வாக்கியத்தில் வினையைக் கண்டுபிடித்து அதன் கீழே கோடு போடுங்கள். பிறகு அதை ஒட்டி வலப்பக்கம் நிற்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். வாக்கியத்தின் மற்ற பகுதியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

அந்தச் சொல் ஓர் ஆளைக் குறித்தால் (மி, ஹிம், ஹர், அஸ், தெம், மை பிரதர், தி டாக்டர்) வினை 'டெல்'. அந்தச் சொல் 'டு' ஆக இருந்து, அதன் பிறகு ஆள் வந்தால் வினை 'சே'. 'தட்' வந்தாலோ, மேற்கோள் குறி வந்தாலோ, முற்றுப்புள்ளியே வந்துவிட்டாலோ அதுவும் 'சே'தான்.

'ஹி டோல்ட் மி தட் ஹி வாஸ் டயர்ட்.' சரி. 'ஹி செட் தட் ஹி வாஸ் டயர்ட்.' இதுவும் சரி. இரண்டு வாக்கியத்துக்கும் செய்தி ஒன்றுதான். முதலாவதில் கேட்டவர் யார் என்று தெரிகிறது, இரண்டாவதில் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இனி எந்த வகையில் வாக்கியம் உடைகிறது என்று பார்த்து அதற்கேற்பத் திருத்துவோம்.

அறிகுறி: 'ஹி செட் மி தட்...'

'செட்' என்பதற்கு நேர் அடுத்து ஆள் வந்துவிட்டார். 'சே' தனக்குப் பக்கத்தில் சொல்லப்பட்ட சொற்களை மட்டுமே ஏற்கும். ஆளை நேரடியாக ஏற்காது.

திருத்த இரண்டு வழி உண்டு. வினையை மாற்றலாம்: 'ஹி டோல்ட் மி தட்...' அல்லது ஆளை எடுத்துவிடலாம்: 'ஹி செட் தட்...' மூன்றாவதாக 'ஹி செட் டு மி தட்...' என்றும் எழுத இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் அது விறைப்பாக இருக்கும். அன்றாடப் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'செட் டு மி' என்பது நேர்க்கூற்றுக்குப் பொருத்தமானது. அதாவது அதன் பிறகு மேற்கோள் குறி திறந்து, அவர் பேசிய சொற்கள் அப்படியே வரும்போது.

அறிகுறி: 'ஷி டோல்ட் டு மி...'

இந்த 'டு' தமிழிலிருந்து வந்தது. நாம் எப்போதும் 'என்கிட்ட சொன்னா', 'அவரிடம் சொன்னேன்' என்று ஓர் உருபைச் சேர்த்தே பேசுகிறோம். உருபில்லாமல் 'அவர் சொன்னேன்' என்றால் நமக்குக் காதில் உறுத்தும். அந்தப் பழக்கத்தில் 'கிட்ட' என்பதை 'டு' ஆக்கி ஆங்கிலத்திலும் ஒட்டிவிடுகிறோம்.

'டெல்' என்ற வினைக்குள்ளேயே அந்தக் 'கிட்ட' அடங்கியிருக்கிறது. 'டு' என்பதை அடித்துவிடுங்கள், வேறெதையும் தொட வேண்டாம்: 'ஷி டோல்ட் மி.' இதே பழக்கம் 'ஆஸ்க்' என்ற வினையிலும் தலைகாட்டும். 'ஐ ஆஸ்க்ட் டு ஹிம்' என்பதிலும் 'டு' வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு. சொல்லப்படும் பொருள் வினைக்கு அடுத்து வந்து ஆள் பின்னால் தள்ளப்பட்டால் 'டு' திரும்ப வரும்: 'ஷி டோல்ட் தி ஸ்டோரி டு தி சில்ட்ரன்.' இங்கே 'டோல்ட்' என்பதற்கு அடுத்து நிற்பது கதை. குழந்தைகள் கடைசியில்தான் வருகிறார்கள். முன்னால் கொண்டுவந்தால் 'டு' போய்விடும்: 'ஷி டோல்ட் தி சில்ட்ரன் தி ஸ்டோரி.'

அறிகுறி: 'ஹி டோல்ட் தட்...'

நம்மவர் எழுதும் ஆங்கிலத்தில் மிகுதியாகக் கண்ணில் படுவது இதுதான். அலுவலக மெயில், கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கோர்ட் மனுவின் வரைவு என்று எல்லா இடத்திலும் உண்டு. கேட்டவர் யார் என்று எழுதாமல் 'டெல்' போட்டுவிடுவதுதான் பிழை. தமிழில் 'அவர் வரமாட்டேன்னு சொன்னார்' என்றால் யாரிடம் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'டெல்' போட்ட உடனே 'யாரை?' என்ற கேள்வி எழுந்துவிடும்.

இந்தப் பிழைக்குப் பள்ளியிலேயே ஒரு விதை விழுகிறது. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடத்தில் 'செட் டு' வந்தால் 'டோல்ட்' ஆக்கு என்று சொல்லித்தருவார்கள். அது சரியான விதி. ஆனால் மாணவர் மனதில் 'டு' உதிர்ந்துபோய், 'செட்' வந்தால் 'டோல்ட்' ஆக்கு என்பது மட்டும் தங்கிவிடுகிறது. 'ரவி செட், "ஐ ஆம் பிஸி"' என்ற வாக்கியத்தில் கேட்டவரே இல்லை. அதை மாற்றும்போது 'ரவி செட் தட் ஹி வாஸ் பிஸி' என்று 'செட்' அப்படியே நிற்க வேண்டும். 'ரவி செட் டு மீனா, "ஐ ஆம் பிஸி"' என்று இருந்தால் மட்டும் 'ரவி டோல்ட் மீனா தட் ஹி வாஸ் பிஸி' என்று ஆக்க வேண்டும். விடைத்தாளில் மாற்றுவதற்கு முன் வினாவில் 'டு' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் இந்த இடத்தில் மதிப்பெண் போகாது.

அலுவலக மெயிலில் இதன் இன்னொரு முகம் 'ஆஸ் ஐ டோல்ட் எர்லியர்'. திருத்தம்: 'ஆஸ் ஐ செட் எர்லியர்.' 'ஆஸ் ஐ டோல்ட் யு எர்லியர்' என்பதும் இலக்கணப்படி சரிதான். ஆனால் 'ஏற்கெனவே உங்ககிட்ட சொன்னேனே' என்ற அதட்டல் அதில் ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளருக்கோ மேலதிகாரிக்கோ எழுதும்போது அதைத் தவிர்த்து 'ஆஸ் ஐ மென்ஷன்ட் எர்லியர்' என்று போடுவது நல்லது. 'ஆஸ் டோல்ட் பை தி மேனேஜர்' என்று எழுதுபவர்கள் 'ஆஸ் தி மேனேஜர் செட்' என்று மாற்றலாம். அவர் கட்டளையாகவே சொல்லியிருந்தால் 'ஆஸ் இன்ஸ்ட்ரக்டட் பை தி மேனேஜர்' இன்னும் துல்லியம்.

'அப்படித்தான் சொன்னார்' என்பதற்கு 'ஹி டோல்ட் ஸோ' என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. 'ஹி செட் ஸோ' அல்லது 'ஹி டோல்ட் மி ஸோ'.

அறிகுறி: 'டெல் அபவுட் யுவர்செல்ஃப்', 'ஹி செட் அபவுட் தி ஆக்சிடென்ட்'

'பற்றி' என்ற பொருளில் 'அபவுட்' வரும்போது இரண்டு பக்கமும் சறுக்கும். 'டெல்' போட்டால் முன்னே ஆள் வேண்டும்: 'டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்.' நேர்முகத் தேர்வில் பதில் சொல்லும்போது 'ஐ வில் டெல் அபவுட் மைசெல்ஃப்' என்று தொடங்கினால் முதல் வாக்கியமே ஊனமாகிவிடும். 'லெட் மி டெல் யு அபவுட் மைசெல்ஃப்' என்று தொடங்குங்கள்.

'சே' தனியாக 'அபவுட்' என்பதோடு சேராது. நடுவில் 'சம்திங்', 'நத்திங்', 'எ லாட்' போன்ற ஒரு சொல் இருந்தால்தான் சேரும்: 'ஹி செட் நத்திங் அபவுட் தி ஆக்சிடென்ட்.' கேள்வியில் 'வாட்' அந்த வேலையைச் செய்துவிடும்: 'வாட் டிட் ஹி சே அபவுட் மி?' விபத்தைப் பற்றி விரிவாகச் சொன்னார் என்றால் 'ஹி டோல்ட் அஸ் அபவுட் தி ஆக்சிடென்ட்' என்று எழுதுங்கள்.

அறிகுறி: 'ஹி செட் மி டு கம்', 'ஷி டோல்ட் மி டோன்ட் கோ'

கட்டளையையோ அறிவுரையையோ எடுத்துச் சொல்லும் இடம் இது. 'வரச் சொன்னார்', 'போகாதேன்னு சொன்னா'. ஆங்கிலத்தில் அதற்கு உரிய அமைப்பு: 'டெல்', ஆள், 'டு', வினை. 'ஹி டோல்ட் மி டு கம்.' எதிர்மறை என்றால் 'டு' என்பதற்கு முன்னால் 'நாட்': 'ஷி டோல்ட் மி நாட் டு கோ.' நாம் 'போகாதே' என்ற சொல்லை அப்படியே உள்ளே வைத்துப் பேசுவதால் 'டோன்ட் கோ' என்பதும் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் போட்டால் அது சரி. குறியில்லாத அயற்கூற்றில் 'டோன்ட்' வராது.

ஆள் பெயர் சொல்லாமல் 'தி டாக்டர் செட் டு டேக் இட் ஆஃப்டர் ஃபுட்' என்று பேச்சில் சொல்வதுண்டு. முறையான எழுத்தில் 'தி டாக்டர் டோல்ட் மி டு டேக் இட்...' என்பதே பாதுகாப்பு.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது, அது இலக்கணத்தைவிட முக்கியம். 'டெல்', ஆள், 'டு' என்ற இந்த அமைப்பு கட்டளையாகவே காதில் விழும். 'மேனேஜர்கிட்ட லீவு தரச் சொன்னேன்' என்பதை 'ஐ டோல்ட் மை மேனேஜர் டு கிவ் மி லீவ்' என்று எழுதினால், மேனேஜருக்கு நீங்கள் உத்தரவு போட்டதாகிவிடும். தமிழில் 'சொன்னேன்' என்பதற்குள் பணிவு, வேண்டுகோள் எல்லாமே அடங்கும். ஆங்கிலத்து 'டெல்' அப்படி விட்டுக்கொடுக்காது. மேலே இருப்பவரிடமோ முன்பின் தெரியாதவரிடமோ வேண்டிய இடத்தில் 'ஆஸ்க்' போடுங்கள்: 'ஐ ஆஸ்க்ட் மை மேனேஜர் ஃபார் லீவ்.' புகார்க் கடிதம் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 'ஐ டோல்ட் தி ஆபீசர் டு செக்' என்பதற்கும் 'ஐ ஆஸ்க்ட் தி ஆபீசர் டு செக்' என்பதற்கும் படிப்பவர் மனதில் விழும் எண்ணமே வேறு.

அறிகுறி: கேள்வியை எடுத்துச் சொல்லும்போது பொருள் தலைகீழாகிறது

'ஷி டோல்ட் மி வேர் தி கீ வாஸ்.' இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, அதனால்தான் இது பிடிபடுவதில்லை. இதன் பொருள், சாவி எங்கே இருக்கிறது என்று அவள் எனக்குத் தகவல் கொடுத்தாள் என்பது. 'சாவி எங்கேன்னு என்கிட்ட கேட்டா' என்று சொல்ல நினைத்திருந்தால் வினை 'ஆஸ்க்ட்'. வேர், வென், வை, ஹவ், வெதர் போன்ற சொற்கள் பின்னால் வரும்போது, பதில் கொடுத்தாரா கேள்வி கேட்டாரா என்று ஒருமுறை நின்று யோசித்துவிட்டு வினையைப் போடுங்கள்.

அறிகுறி: 'அம்மா டோல்ட் ஹாய்', 'டெல் சாரி டு ஹர்'

வாழ்த்து, நன்றி, மன்னிப்பு, ஆமாம், இல்லை ஆகியவை வாயிலிருந்து வரும் சொற்கள். சொல் அப்படியே வெளிவரும் இடம் எல்லாம் 'சே' வசம். சே ஹாய், சே சாரி, சே தேங்க்யூ, சே யெஸ், சே நோ, சே குட்பை. பிரார்த்தனையும் இதில்தான் சேரும்: சே எ ப்ரேயர். மேடையில் இரண்டு வார்த்தை பேசுவது 'சே எ ஃப்யூ வேர்ட்ஸ்'.

'அம்மா உனக்கு ஹாய் சொன்னாங்க' என்பதற்கு 'அம்மா சேஸ் ஹாய்' என்றால் போதும். 'அவகிட்ட சாரி சொல்லு' என்பதற்கு 'சே சாரி டு ஹர்.' மன்னிப்பைச் செய்தியாக எடுத்துப்போகச் சொல்கிறோம் என்றால் 'டெல் ஹர் ஐ ஆம் சாரி' என்று முழு வாக்கியமாக்கலாம். அங்கே 'டெல்' சரி, ஏனென்றால் ஆள் அடுத்து வந்துவிட்டார்.

'அம்மாவைக் கேட்டதாச் சொல்லு' என்ற நம் வழக்கத்துக்கு நேர் இணை தேடினால் அகப்படாது. 'டெல் யுவர் மதர் ஐ ஆஸ்க்ட்' என்றால், என்ன கேட்டீர்கள் என்று எதிரில் இருப்பவர் விழிப்பார். 'சே ஹலோ டு யுவர் மதர் ஃபார் மி' என்பதே இயல்பு. கொஞ்சம் மரியாதை கூட வேண்டுமென்றால் 'கிவ் மை ரிகார்ட்ஸ் டு யுவர் மதர்'.

'ப்ளீஸ் சே யுவர் நேம்', 'ப்ளீஸ் டெல் மி யுவர் நேம்' இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குரலைப் பதிவு செய்யும் தொலைபேசி இயந்திரம் முதலாவதைச் சொல்லும்; பெயரை வாயால் உச்சரி என்று பொருள். கவுன்டரில் இருப்பவர் இரண்டாவதைச் சொல்வார்; உன் பெயர் என்ன என்ற தகவலை எனக்குக் கொடு என்று பொருள். நம்மவர் சொல்லும் 'ப்ளீஸ் டெல் யுவர் நேம்' இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறது.

அறிகுறி: 'தி நோட்டீஸ் டெல்ஸ் தட்...'

பலகை, கடிதம், கடிகாரம், சட்டம், செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் 'சேஸ்'. 'தி நோட்டீஸ் சேஸ் தட் தி ஆபீஸ் இஸ் க்ளோஸ்ட்.' 'தி க்ளாக் சேஸ் ஃபோர் தர்ட்டி.' ஆள் சேர்ந்தால் மட்டும் 'டெல்ஸ்' வரலாம்: 'தி ரிப்போர்ட் டெல்ஸ் அஸ் தட்...'

அறிகுறி: 'ஐ வாஸ் செட் தட்...', 'இட் இஸ் டோல்ட் தட்...'

செயப்பாட்டு வினைக்குப் போனால் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன. காரணம் எளிது. செயப்பாட்டில் எழுவாயாக வருவது முன்பு செயப்படுபொருளாக இருந்தது. 'டெல்' ஆளைச் செயப்படுபொருளாக எடுக்கும். எனவே ஆள் எழுவாயாகலாம்: 'ஐ வாஸ் டோல்ட் தட் தி ட்ரெயின் வாஸ் லேட்.' 'சே' செய்தியை எடுக்கும். எனவே 'இட்' எழுவாயாகும்: 'இட் இஸ் செட் தட்...', நம் 'என்று சொல்லப்படுகிறது'.

'ஹி இஸ் செட் டு பி ரிச்' என்ற வாக்கியம் பலரைக் குழப்பும், ஆள் எழுவாயாக இருக்கிறதே என்று. அவர் பணக்காரர் என்று ஊரில் பேச்சு என்பது இதன் பொருள். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். 'ஹி வாஸ் டோல்ட் டு பி கேர்ஃபுல்' என்பதோடு ஒப்பிட்டால் தெளியும்: இங்கே கவனமாக இருக்கும்படி அவரிடமே சொல்லப்பட்டது.

அறிகுறி: விதியைக் கற்றபின் சரியான வாக்கியத்தையே திருத்திவிடுவது

'டெல்' என்றால் அடுத்து ஆள் வர வேண்டும் என்று பிடித்துக்கொண்ட பிறகு 'ஹி டோல்ட் எ லை' என்பதைக் கண்டால் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள், அது சரி. ஆள் இல்லாமலே 'டெல்' ஏற்கும் சில சொற்கள் உண்டு: தி ட்ரூத், எ லை, எ ஸ்டோரி, எ ஜோக், தி டைம், தி டிஃபரன்ஸ், ஃபார்ச்சூன்ஸ். உண்மை, பொய், கதை, நகைச்சுவை, மணி பார்த்துச் சொல்வது, வேறுபாடு கண்டுசொல்வது, ஜோசியம். இந்த ஏழையும் மனப்பாடம் செய்துவிடலாம். இவற்றில் 'சே' போட்டால்தான் பிழை. 'சே தி ட்ரூத்', 'சே எ லை' என்பதெல்லாம் காதில் கல் விழுந்த மாதிரி இருக்கும்.

'டெல்' என்ற வினையின் பழைய ஆங்கிலப் பொருள்களில் ஒன்று எண்ணுவது. ஏடிஎம் என்பதன் விரிவு ஆட்டோமேட்டட் டெல்லர் மெஷின். வங்கியில் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் டெல்லர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்குகளை எண்ணும் உறுப்பினர்களையும் டெல்லர்கள் என்றே அழைக்கிறார்கள். 'ஆல் டோல்ட்' என்றால் மொத்தத்தில், எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால் என்று பொருள். சொல்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி: வாக்கியம் சரி, ஆனால் படிக்கும்போது பொருள் ஒட்டவில்லை

'ஐ குடின்ட் டெல் வெதர் இட் வாஸ் ரியல்.' இதைச் 'சொல்ல முடியவில்லை' என்று பெயர்த்தால் பாதிதான் வரும். கண்டுபிடிக்க முடியவில்லை, அடையாளம் தெரியவில்லை என்பதே பொருள். 'கேன்', 'குட்' என்பதற்குப் பின்னால் 'டெல்' வந்து, அதன்பின் 'தட்', 'இஃப்', 'வெதர்' வந்தால் இந்தப் பொருளையும் மனதில் வையுங்கள். இரட்டையரைப் பிரித்தறிவது 'டெல் தெம் அபார்ட்'.

'சே' இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே தனியாக நின்றால் 'உதாரணமாக, சுமாராக' என்று பொருள்: 'கம் அட், சே, 10 ஓ க்ளாக்.' பத்து மணி வாக்கில் வா.

நீங்கள் ஏதோ புலம்பும்போது எதிரில் இருப்பவர் 'டெல் மி அபவுட் இட்' என்றால் விவரமாகச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். 'எனக்கும் அதே கதைதான்' என்கிறார். 'டெல் ஆஃப்' திட்டுவது. 'டெல் ஆன்' போட்டுக்கொடுப்பது.

அறிகுறி: இரண்டில் எதைப் போட்டாலும் சரிவரவில்லை

தமிழ் வாக்கியத்தில் 'சொல்' இருக்கிறது என்பதற்காக ஆங்கிலத்தில் இவற்றில் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. 'இதை எங்க ஊர்ல பணியாரம்னு சொல்வாங்க' என்பதற்கு 'வி கால் திஸ் பணியாரம்.' 'கணக்குச் சொல்லிக்கொடுத்தார்' என்பதற்கு 'டாட்'. 'ஒரு நல்ல டாக்டர் சொல்லுங்க' என்பதற்கு 'சஜஸ்ட்' அல்லது 'ரெகமண்ட்'.

'சொல்லாமப் போயிட்டான்' என்ற வாக்கியம் இன்னும் நுணுக்கமானது. தகவல் கொடுக்காமல் போனான் என்றால் 'ஹி லெஃப்ட் வித்அவுட் டெல்லிங் எனிஒன்.' வாய் திறக்காமல் போனான் என்றால் 'வித்அவுட் சேயிங் எ வேர்ட்.' போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை என்றால் 'வித்அவுட் சேயிங் குட்பை.' தமிழில் சூழலைப் பார்த்து நாமே பிரித்துக்கொள்ளும் மூன்று பொருளை ஆங்கிலம் மூன்று வாக்கியமாகக் கேட்கிறது. வெறும் 'வித்அவுட் டெல்லிங்' என்று நிறுத்தினால் மூன்றில் ஒன்றுகூட முழுதாக வராது.

அறிகுறி: 'எக்ஸ்ப்ளெயின் மி', 'இன்ஃபார்ம் டு யு'

பெயர்தான் வேறு, நோய் ஒன்று. எக்ஸ்ப்ளெயின், மென்ஷன், சஜஸ்ட், அனௌன்ஸ், டிஸ்க்ரைப் ஆகியவை 'சே' வீட்டுப் பிள்ளைகள். ஆளுக்கு முன்னால் 'டு' வேண்டும்: 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மி.' இன்ஃபார்ம், ரிமைண்ட், கன்வின்ஸ் ஆகியவை 'டெல்' வீட்டுப் பிள்ளைகள்; ஆள் நேரடியாக அடுத்து வர வேண்டும், 'டு' கூடாது.

கடிதத்தில் 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதிப் பழகிய கை 'ஐ வுட் லைக் டு இன்ஃபார்ம் தட்...' என்று எழுதிவிடும். யாருக்கு என்பதைச் சேருங்கள்: 'இன்ஃபார்ம் யு தட்...' 'கைண்ட்லி இன்ஃபார்ம் டு மி' என்பதில் 'டு' என்பதை அடியுங்கள்.

அறிகுறி: எழுதினால் சரி, பேசினால் தவறு

எஸ், ஏ, ஐ, டி என்ற எழுத்துகளைப் பார்த்து 'செய்ட்' என்று நீட்டுகிறோம். உச்சரிப்பு குறிலாக 'செட்', 'ரெட்' என்பதோடு எதுகை. 'சே' நெடில்தான், ஆனால் 'அவன் சொல்கிறான்' என்ற வடிவத்தை எழுத்தைப் பார்த்து 'சேஸ்' என்று படித்தாலும் ஒலி 'செஸ்' என்று குறுகும். கடைசி ஒலி அதிரும் 'ஸ்', தேனீ ரீங்காரத்தில் கேட்பது போன்றது.

வேகமாகப் பேசும்போது 'ஐ டிடின்ட் டோல்ட்', 'டிட் ஹி செட்?' என்று வருவதும் உண்டு. 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். முதன்மை வினை 'டெல்', 'சே' என்ற மூல வடிவுக்குத் திரும்ப வேண்டும்.

முழு ஆவணத்தையும் ஒரே மூச்சில் சோதிக்க

எழுதி முடித்த கோப்பைத் திறந்து கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். தேடல் பெட்டியில் இந்தச் சொற்றொடர்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக இட்டுத் தேடுங்கள்: செட் மி, செட் ஹிம், செட் ஹர், செட் அஸ், செட் தெம், டோல்ட் தட், டோல்ட் டு, எக்ஸ்ப்ளெயின் மி, இன்ஃபார்ம் தட், இன்ஃபார்ம்ட் டு.

'செட்' வரிசையில் அகப்படுவதெல்லாம் ஏறக்குறைய உறுதியாகப் பிழை. 'செட் ஹர்' மட்டும் விதிவிலக்காகலாம்: 'ஷி செட் ஹர் சன் வாஸ் இல்' என்பதில் 'ஹர்' அடுத்த வாக்கியத்தின் தொடக்கம், கேட்டவர் இல்லை. 'டோல்ட்' வரிசையில் ஒவ்வொன்றையும் நின்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரேயடியாக ரீப்ளேஸ் கொடுத்துவிடக் கூடாது. 'ஐ வாஸ் டோல்ட் தட்', 'வி வேர் டோல்ட் டு வெயிட்' இரண்டும் செயப்பாட்டு வினை. அவற்றைத் தொடக் கூடாது. முன்னால் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீன், பீயிங் இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். இல்லையென்றால், 'டோல்ட் தட்' என்பதில் ஒன்று 'டோல்ட்' என்பதைச் 'செட்' ஆக்குங்கள், அல்லது கேட்டவரை நடுவில் சேருங்கள். கேட்டவர் யார் என்பது படிப்பவருக்குத் தேவைப்படும் தகவலாக இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் 'செட்' போதும்.